சொந்தக்காரர் இல்லாத வெள்ளிக் காது

அத்தியாயம் 6

திருடன் படத்தை மட்டும்தான் கொண்டுபோயிருந்தான். மரச்சட்டம் அப்படியே தொங்கியது. சட்டத்தைச் சுற்றியிருந்த சிவப்பு வெல்வெட்டில் வரிசையாகக் குத்தியிருந்த வெள்ளிக் காணிக்கைகளும் அப்படியே இருந்தன.

"வெள்ளிய விட்டுட்டு ஓவியத்த எடுத்துட்டுப் போயிருக்கான். இவன் நம்ம ஊர்க்காரனே இல்ல," என்றேன். "நம்ம ஆளுன்னா ஆணியக்கூட விட்டு வச்சிருக்க மாட்டான்."

"வாய மூடிக்கிட்டு இந்தப் பையப் பிடி," என்றார் டோன்னா எர்சீலியா.

எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் வேலைப் பங்கீடு இதுதான். மூளை அவருடையது, பை என்னுடையது. டோன்னா எர்சீலியா (எங்கள் ஊரில் மதிப்பான பெண்ணுக்கு டோன்னா, ஆணுக்கு டோன்) ஐம்பதைத் தாண்டியவர். பாதி ஆயுளைத் தொலைபேசி நிலையத்தில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கழித்தவர். நேப்பிள்ஸில் யார் யாரோடு ஓடப்போகிறார்கள் என்பது ஓடுகிறவர்களுக்கு முன்பே இவருக்குத் தெரிந்துவிடும். நான் எத்தோரே. கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தவன். ஒரு மணமகள் என் வாசிப்பைக் கேட்டுவிட்டுக் கல்யாணமே வேண்டாம் என்று பூச்செண்டால் என்னை அடித்துவிட்டு எழுந்துபோன பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது கையுறைக்காரர் தெருவின் சின்னக் கோயிலில். காணாமல் போனது, பீடத்துக்கு மேலே முந்நூறு வருடமாகத் தொங்கிய புனித பர்த்தலோமேயு. உயிரோடு தோல் உரிக்கப்பட்ட அப்போஸ்தலர். தோல் வெட்டிக் கையுறை தைக்கிறவர்களுக்கு அவர்தான் பாதுகாவலர். இதற்குப் பின்னால் இருக்கும் குசும்பு யாருடையது என்று எனக்குத் தெரியாது. பரோக் காலத்து ஓவியன் எவனோ வரைந்தது. சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் சதை மட்டும் வெளிச்சத்தில். ஒரு தாடிக்காரர் மரத்தில் கட்டப்பட்டு வாயைப் பிளந்து அலறுகிறார். இடுப்புக்குக் கீழே சிவப்புத் துணி. பக்கத்தில் சுருட்டை முடி வாலிபன் ஒருவன், சவரம் செய்கிறவனின் நிதானத்தோடு, அவர் தோளிலிருந்து தோலை உரித்துக்கொண்டிருக்கிறான். தெருவில் பாதிப் பேர் அவனை டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் முழுக்கப் படத்தைத் திரைபோட்டு மூடி வைப்பது வழக்கம். இன்று காலை திரையை விலக்கினால் உள்ளே வெறும் சுவர். நாளை காலை ஊர்வலம்.

"சாவி ஒண்ணே ஒண்ணுதான். அது இந்தம்மா இடுப்புல," என்றார் இன்ஸ்பெக்டர் பெத்ரில்லோ. "பூட்டு உடையல. வெள்ளியத் தொடல. அப்போ வந்தவன் ஓவியம் தெரிஞ்ச திருடன். அவனுக்குக் கதவத் தெறந்து விட்டது பிலோமேனா. கேஸ் முடிஞ்சுது."

"வெயில்ல நடக்கச் சோம்பேறித்தனப்பட்டா எல்லாக் கேஸும் இப்படித்தான் முடியும்," என்றார் டோன்னா.

"நாளைக்கு ஊர்வலம் கிளம்புற வரைக்கும் பாப்பேன், அம்மணி. படம் வரலைன்னா இவங்க என்கூட வரணும். இந்த வயசுல உள்ள போனா வெளிய பொணமாத்தான் வரணும், அதையும் சொல்லிட்டேன்."

சாவுப் பேச்சு பேசிவிட்டோமே என்று உறைத்ததும் இன்ஸ்பெக்டரின் கை சட்டென்று கால்சட்டையின் முன்பக்கத்தைத் தொட்டது. என் கையும்தான். அபசகுனமான வார்த்தை காதில் விழுந்தால் எங்கள் ஊர் ஆண்பிள்ளையின் கை தானாக அங்கே போய்விடும். பீடத்துக்கு முன்னால் நின்றாலும் சரி, பிஷப்புக்கு முன்னால் நின்றாலும் சரி.

பிலோமேனா முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது. கோயிலைப் பெருக்கித் துடைத்து, மெழுகுவத்தி விற்று, பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் குடியிருப்பவர். சாவி யாரிடமோ அவருக்குத்தான் அந்த அறை.

"ஜெயிலுக்கு நான் பயப்படல, டோன்னா," என்றார். "அங்க கட்டிலாவது இருக்கும். சாவி போச்சுன்னா ரூம் போச்சு. தம்பி பொண்டாட்டி என்னை வாசப்படி ஏற விடமாட்டா. நான் எங்க போவேன், சொல்லுங்க?"

டோன்னா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் சபைத் தலைவர் டோன் அனியெல்லோ உள்ளே வந்தார். கையுறைப் பட்டறைக்காரர். இரண்டு காதும் பல வருடமாக அவுட். காலையும் மாலையும் இதே பெஞ்சில் வந்து உட்காருவார், மெழுகுவத்தியைப் பார்ப்பார், போவார். இன்ஸ்பெக்டர் அவர் காதோரம் குனிந்து, "படத்த எப்போ கடைசியாப் பாத்தீங்க?" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

"ஆமா ஆமா," என்றார் டோன் அனியெல்லோ சாந்தமாக. "வெயில் ஜாஸ்திதான்."

சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் கொடுத்துவைத்தவர் என்று நான் நினைத்தேன்.

டோன்னா வெல்வெட்டுக்கு மூக்கை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். வெள்ளிக் கை, வெள்ளிக் கால், வெள்ளி இதயம், பக்கத்தில் பெயர் தெரியாத உள்ளுறுப்புகள். குணமான பாகத்தை வெள்ளியில் செய்து சாமிக்கு மாட்டுவது இங்கே கடன்.

"எத்தோரே, இங்க பாரு. என்ன தெரியுது?"

"ஒரு முழங்கால். ஒரு கல்லீரல். எனக்குப் பசிக்குது."

"நடுவுல பாருடா."

மெழுகுவத்திப் புகை பட்டு வெல்வெட் முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. முழங்காலுக்கும் கல்லீரலுக்கும் நடுவில் மட்டும் ஒரு சின்ன இடம் புத்தம்புதுச் சிவப்பாகப் பளிச்சென்று இருந்தது. மேலே வளைவு, கீழே தொங்கல். சந்தேகமே இல்லை, காது. சமீபம் வரை அங்கே ஒரு வெள்ளிக் காது இருந்திருக்கிறது.

"இத்தன வெள்ளி இருக்க, இந்தப் பொடிக் காத மட்டும் எதுக்குத் திருடினான்?" என்றேன்.

"திருடல. திருப்பி எடுத்துக்கிட்டான்," என்றார் டோன்னா. "நீ ஒருத்தர் வீட்டுல கொள்ளையடிக்கப் போற. போன வருஷம் 'உங்க தயவால பொழைச்சேன்'னு அவருக்கு நீ எழுதின நன்றி அங்க சுவத்துல தொங்குது. கை வருமா?"

"எனக்கு வரும்."

"அக்கார்டியன் வாசிச்சவன் நீ, உனக்கு எதுவும் வரும். ஆனா இவனுக்குச் சாமி பயம் இருக்கு. மொதல்ல தன்னோட நன்றியக் கழட்டிப் பைல போட்டுக்கிட்டான். அப்புறம்தான் படத்துல கை வச்சான். நமக்கு வேணும்ங்கற ஆள் அந்தக் காதோட சொந்தக்காரன்." பிலோமேனா பக்கம் திரும்பினார். "அம்மா, அந்தக் காது யாரோடது?"

பிலோமேனா நெற்றியைச் சுருக்கினார். "தெரியலையே, டோன்னா. மத்தவங்க எல்லாம் மேளதாளத்தோட வருவாங்க. பாதரக் கூப்பிடுவாங்க, தெருவுக்கே இனிப்பு குடுப்பாங்க. அந்தக் காது மட்டும் ஒரு நாள் காலைல பாத்தா அங்க இருந்துச்சு. ரெண்டு வருஷம் இருக்கும், இந்த வெல்வெட்டப் புதுசா மாத்தின சமயம். யார் மாட்டினாங்கன்னே தெரியாது."

"காதே திருட்டுத்தனமா வந்திருக்கு," என்றேன். "வளர்ப்பு சரியில்ல."

*

நான் சந்தேகப்பட்டது பேராசிரியர் கசெல்லாவை. போன வாரம் மியூசியத்திலிருந்து வந்து, பூதக்கண்ணாடியும் கையுமாகப் படத்தின் முன்னால் மண்டி போட்டிருந்த மனிதர். சாமி கும்பிட அல்ல. தெருமுனைக் காப்பிக் கடையில் வெள்ளை லினன் கோட்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பிடித்தேன்.

"படம் எங்க?"

"நானும் அதத்தான் கேக்கறேன்!" அவர் கப்பைப் பட்டென்று வைத்தார். "நாசமாப் போச்சு. நாளைக்குத் திருவிழா முடிஞ்சதும் அது மியூசியத்துக்கு வரவேண்டியது. எல்லாம் பேசி முடிச்சாச்சு. நான் எதுக்குய்யா திருடணும்? எனக்கு அது சும்மாவே கெடைக்குது."

"கோயில் சாமி மியூசியத்துக்கு எதுக்கு?" என்றார் டோன்னா.

பேராசிரியர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அது சாமியே இல்ல, அம்மா. அந்தச் சிவப்புத் துணி பிற்காலத்துல யாரோ வரைஞ்சு மூடினது. அதுக்குக் கீழ ரெண்டும் ஆட்டுக்கால்."

எனக்குக் காப்பி புரையேறியது.

"கிரேக்கக் கதை. அவன் பேரு மார்சியா. பாதி மனுஷன், பாதி ஆடு. காட்டுல குழல் ஊதிக்கிட்டுத் திரிஞ்சவன். அப்பல்லோ தேவனோட சங்கீதப் போட்டிக்கு நின்னான். தோத்தான். ஜெயிச்ச தேவன் தோத்தவனோட தோல உரிச்சுட்டார்."

"பாட்டுப் போட்டிக்கா?"

"பாட்டுப் போட்டிக்குத்தான்."

என்னை வெறும் பூச்செண்டால் அடித்த அந்த மணமகள் எவ்வளவு நல்லவள் என்று அப்போதுதான் புரிந்தது.

"அப்போ அந்த டாக்டர்?" என்றேன்.

"எந்த டாக்டர்?"

"கத்தி வச்சிருக்காரே, சுருட்டை முடி."

"அவர்தான்யா அப்பல்லோ!" பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏதோ ஒரு பிரபு வீட்டுச் சாப்பாட்டு அறையில தொங்கின படம். பிரபு செத்ததும் கோயிலுக்கு வந்திருக்கு. தோல உரிக்கறாங்க, அப்போ பர்த்தலோமேயுதான்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆட்டுக்கால் இடிச்சுது. துணி போட்டு மூடிட்டாங்க."

முந்நூறு வருடமாக ஒரு தெருவே ஆட்டுக்கால்காரனுக்கு முழந்தாளிட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் அம்மாவின் வெள்ளித் தோள்பட்டையும் அங்கேதான் தொங்குகிறது என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இத யார்கிட்ட எல்லாம் சொன்னீங்க?" என்றார் டோன்னா.

"பிஷப்போட செயலாளர்கிட்ட மட்டும். கோயில்லயே, படத்துக்கு முன்னால வச்சு. கள்ளச் சந்தையில என்ன வெலை போகும், எல்லை தாண்டி ஸ்விட்சர்லாந்து லுகானோவுல எந்த மாதிரி ஆளுங்க வாங்குவாங்க, அதனால எவ்வளவு பத்திரமா எடுத்துட்டுப் போகணும், எல்லாம் சொன்னேன்."

"அங்க வேற யார் இருந்தா?"

"யாருமே இல்ல."

"நல்லா யோசிங்க."

"யாருமே இல்லைங்கறேன்ல. நான் என்ன சின்னப் பையனா?"

டோன்னா அவருடைய காப்பிக்கும் சேர்த்துக் காசை வைத்துவிட்டு எழுந்தார். ஒரு வழக்கில் இவர் காப்பிக்குக் காசு கொடுத்தால் வழக்கு முடியப்போகிறது என்று அர்த்தம். எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

*

"தெருவுல எறங்கு. காது யாருக்குக் குணமாச்சுன்னு கேளு," என்று என்னை அனுப்பிவிட்டு அவர் நாவிதர் கடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கேட்டேன். அது நான் செய்த பெரிய தப்பு. எங்கள் ஊரில் ஒருவரிடம் உடம்புக்கு என்ன குணமாச்சு என்று கேட்கக்கூடாது. காய்கறிக்காரர் சட்டையைத் தூக்கிக் குடலிறக்கத் தழும்பைக் காட்டினார். அவர் மனைவி முழங்காலை மடக்கி நீட்டி மடக்கி நீட்டி, ஒவ்வொரு மடக்குக்கும் சாமி பெயரைச் சொன்னார். மாடியிலிருந்து ஒரு அம்மாள் கூடையில் கயிறு கட்டி டப்பா ஒன்றை இறக்கினார். உள்ளே அவருடைய பித்தப்பைக் கல். தொட்டுக் கும்பிட்டுவிட்டு மேலே அனுப்பச் சொன்னார்.

காது மட்டும் யாருக்கும் குணமாகவில்லை.

"தெருவுலயே செவிடு ஒருத்தர்தான்," என்று டோன்னாவிடம் வந்து மூச்சு வாங்கினேன். "டோன் அனியெல்லோ. அவருக்கு இன்னமும் கேக்காது. அதனால அவர் இல்ல. வேற தெருவுக்குத்தான் போகணும். அதுக்கு முன்னாடி நான் ஒரு பொரிச்ச பீட்ஸா சாப்பிடணும்."

"உக்காரு," என்றார் டோன்னா. "இந்த ஊர்ல கால் சுளுக்கு விட்டாலே வாணவேடிக்கை விடுவான். சாமி காதக் குடுத்திருக்கார். வாங்கினவன் வாயத் தெறக்கல. ஏன்?"

"வெக்கமா இருக்கும்."

"வெக்கமா? பித்தப்பைக் கல்லக் கூடையில எறக்கற தெருவுல? யோசிடா. கேக்குதுன்னு வெளிய சொன்னா அவனுக்கு நஷ்டம். செவிடா இருக்கறதுதான் லாபம். யாருக்கு?"

எனக்கு வாயில் வந்த பதிலைச் சொல்லுமுன் எதிர்மாடியில் ஜன்னல் படாரென்று திறந்தது. டோன்னா தித்தீனா. டோன் அனியெல்லோவின் மனைவி.

"ஏய் மனுஷா! ரொட்டி வாங்கிட்டு வரச் சொன்னா எங்கய்யா போய்த் தொலைஞ்சே? ஒன் அம்மா பெத்த கழுத! ஒன்னக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான் என்னத்தக் கண்டேன்? ஒங்க அக்கா போட்ட மோதிரம் பித்தளை! பித்தளை!"

கீழே டோன் அனியெல்லோ நடந்துகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். ஒரு பூனைக்கு வழிவிட்டார். தொப்பியைத் தூக்கி எங்களுக்கு வணக்கம் சொன்னார். பட்டறைக்குள் போய்விட்டார். மேலே பித்தளை மோதிரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் டோன்னாவைப் பார்த்தேன். டோன்னா என்னைப் பார்த்தார்.

"பேராசிரியர் 'யாருமே இல்ல'ன்னார்," என்றார் அவர். "செவிடன எவன் ஆளா எண்ணுவான்?"

*

பட்டறையில் நீள மேசை, கத்திரிகள், சுவரோரம் மெல்லிய ஆட்டுத்தோல்கள் சுருள் சுருளாக நின்றுகொண்டிருந்தன. டோன் அனியெல்லோ ஒரு கையுறையின் கட்டைவிரலைத் தைத்துக்கொண்டிருந்தார். டோன்னா அவர் காதருகே போய், தெரு முழுக்கக் கேட்கும்படி, திருவிழா ஏற்பாடு பற்றி எதையோ கத்தினார்.

"ஆமா, வெயில் ஜாஸ்திதான்," என்றார் அவர்.

டோன்னா என் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், கொஞ்சம் வருத்தம் கலந்து சொன்னார்: "மூஞ்சியப் பாத்தியா எத்தோரே, சுண்ணாம்பா வெளுத்திருக்கு. பாவம், நாளைக்கு ஊர்வலத்துல இவர் சாமியத் தூக்கிட்டுப் போக மாட்டார். இவரத்தான் பெட்டியில வச்சுத் தூக்கிட்டுப் போவாங்க."

ஊசி நின்றது. டோன் அனியெல்லோவின் வலது கை மேசைக்குக் கீழே மின்னலாக இறங்கி, எங்கே போக வேண்டுமோ அங்கே போய்க் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மேசைக்கு இந்தப் பக்கம் என் கையும் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் எனக்குக் காது கேட்கும்.

டோன் அனியெல்லோ தன் கையைக் குனிந்து பார்த்தார். அது அவருக்கே துரோகம் செய்துவிட்டது. கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"வெயில்..."

"கைய எடுங்க, டோன் அனியெல்லோ," என்றார் டோன்னா. "வெயில் அங்க அடிக்கல."

மனிதர் ஸ்டூலில் தளர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து வெள்ளிக் காதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு," என்றார், எல்லோரையும் போன்ற குரலில். "ஒரு நாள் காலைல அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன். டக்குன்னு மெழுகுவத்தி எரியற சத்தம் கேட்டுச்சு. அழுதுட்டேன், டோன்னா. சத்தியமா அழுதுட்டேன். தித்தீனாகிட்ட சொல்லி இனிப்பு வாங்கணும்னு வீட்டுக்கு ஓடினேன். கதவத் தெறந்தேன்."

"அப்புறம்?"

"அவ பேசிக்கிட்டிருந்தா."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

"செவிடா இருந்த பத்து வருஷமும் எனக்கு நிம்மதியா இருந்த தெருங்க இது," என்றார். "தித்தீனா மட்டுமா? ஸ்கூட்டர். மீன்காரன். எதிர்வீட்டுப் பய டிரம்பெட் பழகறான், ரெண்டு வருஷமா ஒரே பாட்டு, அதுவும் தப்பு. மலைமேல, தோட்டத்துக்கு நடுவுல, சின்னதா ஒரு வீடு. அது போதும்னு இருந்துச்சு. அப்போதான் அந்த லினன் கோட்டு வந்து, எனக்கு முன்னாலயே, அது சாமி இல்ல, ஆட்டுக்கால்காரன், லுகானோவுல இன்ன விலைன்னு கதை சொல்லுது. சாமி இல்லைன்னா திருட்டு பாவம் இல்லையே? மத்தியானம் பிலோமேனா பூட்டறப்போ நான் பெஞ்சுலயே இருப்பேன், என்னக் கத்திக் கூப்பிடறதுக்கு அவ தொண்டைக்குத் தெம்பு இல்ல. பூட்டிட்டுப் போயிடுவா. அப்படி ஒரு நாள் படத்தக் கழட்டிச் சுருட்டிக்கிட்டு, சாயங்காலம் அவ தெறந்தப்போ கையில சுருளோட வெளிய வந்தேன். தோல் சுருளோட நான் போறத இந்தத் தெருவுல யார் பாப்பா?"

"சாமி இல்லைன்னா காத எதுக்குக் கழட்டினீங்க?" என்றார் டோன்னா.

டோன் அனியெல்லோ வெள்ளிக் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒருவேளை..." என்றார். அதை மேசைமேல் திரும்ப வைத்துவிட்டு, "ஆட்டுக்கால்காரனுக்கு எப்படி டோன்னா காதக் குணமாக்கத் தெரியும்?"

"குழல் ஊதறவன்ல. காது அவன் டிபார்ட்மென்ட்டுதான்."

நான் சுவரோரம் போய் ஒவ்வொரு சுருளாகத் தட்டிப் பார்த்தேன். ஆறாவதோ ஏழாவதோ சுருள் மற்றதைவிடக் கனமாக இருந்தது. பிரித்தால், ஆட்டுத்தோலுக்கு உள்ளே பத்திரமாக, வாயைப் பிளந்துகொண்டு நம்ம ஆள். பாவம், அவன் சொந்தக்காரர்களுக்கு நடுவிலேயே ஒளிந்திருந்தான்.

"பெத்ரில்லோவக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"கூப்பிட்டா படம் சாட்சின்னு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். அங்கேர்ந்து மியூசியத்துக்குப் போகும். ஊர்வலம் இல்ல, கோயில்ல படம் இல்ல, சாவி எதுக்குன்னு பிலோமேனாவ வெளிய தள்ளுவாங்க," என்றார் டோன்னா. "அவளுக்கு வேண்டியது இவரோட ஜெயில் இல்ல. அவ ரூம்." பிறகு ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்றார். "டோன் அனியெல்லோ, ராத்திரிக்குள்ள படத்த நீங்களே ஆணி அடிச்சு மாட்டுங்க. காலைல எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு, படத்த எடுத்தது நான்தான், பிலோமேனாவுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க. ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா, நேர்த்திக்கடன்னு சொல்லுங்க, தலையணைக்குப் பக்கத்துல வச்சுப் படுத்தேன்னு சொல்லுங்க. ஏன்னா அதுக்கு அடுத்தது, காது கேக்குதுன்னு சொல்லப் போறீங்க. அற்புதம் பண்ணின சாமிய எவன் மியூசியத்துக்கு அனுப்புவான்?"

அவர் முகம் நிஜமாகவே சுண்ணாம்பாக வெளுத்தது.

"டோன்னா, கேக்குதுன்னு தெரிஞ்சா தித்தீனா என்னக் கொன்னே போட்டுடுவா."

"கொல்ல மாட்டாங்க," என்றார் டோன்னா. "பேசுவாங்க."

அன்று மாலையே டோன்னா பிலோமேனாவின் அறைக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பிலோமேனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். டோன் அனியெல்லோவுக்கு எத்தனை நாளாகக் காது கேட்கிறது? ரெண்டு வருஷமாக, என்றார் டோன்னா. அதைக் கேட்டதும் பிலோமேனா எழுந்து கதவைத் திறந்துவிட்டார் என்று டோன்னா என்னிடம் சொன்னார்.

*

திருவிழாக் காலையில் கோயில் பிதுங்கி வழிந்தது. திரையை விலக்கினார்கள். தாடிக்காரர் தன் இடத்தில் அலறிக்கொண்டிருந்தார். ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் பெத்ரில்லோ வாயைத் திறக்குமுன் டோன் அனியெல்லோ பெஞ்சுமேல் ஏறி நின்றார். எடுத்தது தான்தான் என்றார். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்ததாகச் சொன்னார். பிலோமேனாவின் பெயரைத் தெளிவாக, இரண்டு முறை சொன்னார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்குக் காது கேக்குது!"

கோயில் ஒரு நொடி அடங்கி, பிறகு வெடித்தது. வெளியே யாரோ பட்டாசைக் கொளுத்திவிட்டார்கள். பெண்கள் படத்தை நோக்கிப் பாய்ந்தார்கள். பேராசிரியர் கசெல்லா நாற்காலிமேல் ஏறி, "அது ஆடுங்க! கீழ பாருங்க, ஆடு!" என்று கத்தினார். காது கேட்க ஆரம்பித்த ஒரு ஆளைக் கொண்டாடுவதில் மற்ற அத்தனை பேரும் செவிடாகிவிட்டார்கள். பிஷப்பின் செயலாளர் கூட்டத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்தார். மியூசியம் விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு அவரும் மண்டி போட்டார்.

டோன்னா தித்தீனா மெதுவாக முன்னால் வந்தார். "கேக்குதா?"

"கேக்குது, தித்தீனா."

"நல்லதாப் போச்சு," என்றார் அவர், சண்டைக்குத் தயாராகிறவரைப் போலக் கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு. "வீட்டுக்கு வா. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்."

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இன்ஸ்பெக்டர் சட்டை நனைய வேர்த்து, சாவி பிலோமேனாவிடமே இருக்கட்டும் என்றார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டார்.

கூட்டம் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியது. டோன் அனியெல்லோவும் பின்னால் கிளம்பினார். பிலோமேனா வழியில் நின்றார். சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நானும் டோன்னாவும் மட்டும்தான்.

"ரெண்டு வருஷமா தெனம் சாயங்காலம்," என்றார் பிலோமேனா. குரலில் கோபம் இல்லை. "நீங்க அந்தப் பெஞ்சுல இருப்பீங்க. நான் தரையத் தொடச்சிக்கிட்டே பேசுவேன். யார் காதுலயும் விழாதுன்னு வாய் விட்டுப் பேசுவேன். தம்பி வீட்டுல தொரத்தினது. ராத்திரி பயந்துகிட்டுப் படுக்கறது. சாகறப்போ பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்கன்னு அழுதது. அதெல்லாம் கேட்டுச்சா?"

டோன் அனியெல்லோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கேட்டுச்சு, பிலோமேனா."

"அப்போ ஒரு வார்த்த பேசியிருக்கலாமே."

தெருவில் மேளம் ஆரம்பித்துவிட்டது. டோன் அனியெல்லோ தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். வெயிலைப் பற்றி இனிமேல் அவரால் எதுவும் சொல்ல முடியாது. பிலோமேனா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பட்டாசுக் குப்பையைக் கூட்டப் போனார்.